பெயரை அழித்த பலகை

அந்தப் பலகையில் இருந்த பெயரை அழித்தவள் நான்தான். இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஒரு வயதான மனிதர், வெள்ளை வேட்டி, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேர்ட். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஒரு வெள்ளைப் பலகையைப் பிடித்திருக்கிறார். பின்னால் கடல், கொஞ்சம் தள்ளி, ஆட்களை ஏற்றி இறக்குகிற மோட்டார் படகு, எங்கள் பேச்சில் லோஞ்சு. நீங்கள் பார்த்த பலகையில் ஏதாவது எழுதியிருந்திருக்கும். "சம்பள உயர்வு" என்றோ, "கரண்ட்" என்றோ, "மனிசியின் சிரிப்பு", அதாவது மனைவியின் சிரிப்பு, என்றோ. நான் போட்ட படத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் எங்கள் பக்கத்து வளவு மாமா. அவர் நிற்கிற படகுத்துறை நயினாதீவு ஜெட்டி.

சொந்த மாமா இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், சின்னனில் இருந்தே அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அக்கரைத் துறையான குறிகட்டுவானுக்கும் எங்கள் தீவுக்கும் இடையில் லோஞ்சு ஓட்டினவர். கண் மங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். மாமி செத்துக் கனகாலம். ஒரே மகன், பதினாறு வயதில் வெளிநாடு போனவன். நான் அப்போது நேசரிப் பிள்ளை. அவனுடைய முகம் எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் தெரியும். எங்கள் ஊரில் பதிவுப் பெயர் பள்ளிக்கூடத்துக்குத்தான். வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் யாருக்கும் ஆளைத் தெரியும். அங்கே போய் அவன் மூன்றாவதாக ஒரு பெயரில் இருந்தான். அவனுடைய அகதிக் கேஸில் தகப்பன் உயிரோடு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். இதை மாமா ஒளிப்பதில்லை, தானே பகிடியாகச் சொல்வார்.

"அங்க நான் செத்துப் பத்து வருசம், பிள்ளை. திவசம் செய்யிறானோ தெரியாது."

எங்கள் வீட்டில் ஃபோன் இருந்தது. அந்த ஒழுங்கைக்கு வருகிற வெளிநாட்டு அழைப்பெல்லாம் அதற்குத்தான். சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, சனம் வெளிநாடுகளில் இருந்து வந்து போய்க்கொண்டிருந்த 2004இல், ஒரு நாள் மகனின் அழைப்பு வந்தது. கேஸ் வென்றுவிட்டதாம், அங்கே இருக்கலாம் என்ற கார்ட் கிடைத்துவிட்டதாம், ஆனி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறானாம். மாமா ஃபோனை வைத்துவிட்டு எங்கள் அடுப்படிக்கு, குசினிக்குள் வந்து, அம்மாவிடம் ஒரு கிளாஸ் தண்ணி வாங்கிக் குடித்தார். பிறகு இன்னொரு கிளாஸ். பிறகு போய்ப் பலகை தேடத் தொடங்கினார்.

பலகை யோசனை அவருக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்தது. தன்னுடைய தம்பியை விமானம் ஏற்றப் போன இடத்தில், வெளிவாசலில் ஆட்கள் பெயர் எழுதிய மட்டைகளோடு நிற்பதைக் கண்டிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வருகிறவரை அப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு. பழைய லோஞ்சு ஒன்றின் இருக்கைப் பலகையை அறுத்து, படகுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் அடித்து, கறுப்பில் மகனின் வீட்டுப் பெயரை எழுதினார். லோஞ்சுகளின் முன்முனை அணியத்தில் இலக்கம் எழுதிப் பழகின கை. எழுத்து ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

"உங்கட மகனுக்கு உங்களைத் தெரியாதோ மாமா?" என்று கேட்டேன்.

"அவன் போகேக்க எனக்கு மீசை இருந்தது. பல்லும் இருந்தது. முகத்தை வச்சு அவன் என்னைப் பிடிக்கமாட்டான். எனக்கும் கண் தெரியாது. ரெண்டு பேரும் ஆளையாள் விலத்திக்கொண்டு போயிடுவம்."

நான் அப்போது ஏ.எல். முடித்து, பல்கலைக்கழக அனுமதி வரும் வரும் என்று இருந்தவள். சும்மா இருக்க ஏலாமல் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு நெற் கஃபேயில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தீவைச் சேர்ந்த சிலர் வெளிநாட்டில் இருந்து ஓர் இணையத்தளம் நடத்தினார்கள். அதில் மரண அறிவித்தல், கோயில் படங்கள், பிறகு எல்லோரும் வந்து கதைக்கிற கருத்துக்களம். எனக்கு அந்தக் களத்தில் பைத்தியம். திருவிழாப் படம் எடுத்துப் போடுகிறேன் என்று சொல்லி, கடை முதலாளியின் டிஜிற்றல் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமா முதல் லோஞ்சுக்கே ஜெட்டிக்குப் போய்விடுவார். லோஞ்சு வந்து கட்டும். பெரிய சூட்கேசுகள், வாசனைத் திரவியம், பிரெஞ்சில் சிணுங்குகிற பிள்ளைகள், தண்ணிப் போத்தல்கள் எல்லாம் இறங்கும். மாமா பலகையை உயர்த்துவார். கடைசி ஆளும் இறங்கினதும் தாழ்த்தி, உப்புத் தண்ணி தெறித்த இடத்தைச் சால்வையால் துடைத்து, அடுத்த லோஞ்சுக்கு நிற்பார்.

லோஞ்சில் கயிறு எறிகிறவருக்கு மாமாவோடு பழைய பழக்கம். "அண்ணை, பலகையைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ. கோபுரம் மறைக்குதெண்டு சனம் குறை சொல்லுது."

"நீ உன்ர லோஞ்சை நேராக் கட்டு. முதலாம் நாள் பழகினவன் மாதிரிக் கட்டுறாய்."

"இதில வரேல்லையோ?"

"அடுத்ததில வருவான். வெளிநாட்டில இருந்து வாறவன், விடிய எழும்ப மாட்டான்."

மூன்றாம் நாள்தான் அந்தப் படத்தை எடுத்தேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்ததால், படத்தின் அடியில் என்னுடைய நிழலும் விழுந்துவிட்டது. கமராவைப் பிடித்த இரண்டு முழங்கையும் தெரிகிற நிழல்.

தேர் முடிந்தது. தீர்த்தமும் முடிந்தது. அவன் வரவில்லை. அவனிடம் இருந்து ஃபோனும் வரவில்லை. அவன் கடைசியாகத் தந்த இலக்கத்துக்கு எடுத்தால் வேறு பாஷையில் ஒரு பொம்பிளை கதைத்தாள். அடுத்த கிழமை மாமா வேலிக்கு வந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு என்னைப் படம் பிடிச்சனீர் எல்லே. அதை உம்மட நெற்றில போட்டா அவன் பாப்பானோ?"

"அங்க இருக்கிற எங்கட ஆக்கள் எல்லாரும் பாக்கினம் மாமா."

"அப்ப போடும். நான் நிண்டனான் எண்டு தெரியட்டும்."

வேலியை விட்டு நாலடி போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "பெயரோட போடாதையும். நான் செத்த ஆள். எங்கட சனத்தில ஒருத்தன் கண்டு பெட்டிசன் எழுதினானெண்டா அவன்ர கார்ட் போயிடும்."

பெட்டிசன் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். கையெழுத்தில்லாத கடிதம். ஊரில் வேலிச் சண்டைக்கு எழுதுவார்கள். வெளிநாடு போன பிறகு அங்கத்தைய குடிவரவு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். மகனைப் பற்றி ஒருவன் எழுத, அந்த முகமும் அந்தப் பெயரும் ஒரே படத்தில் இருந்தால் போதும்.

முகத்தை விட்டுவிட்டுப் பெயரை அழிக்கலாம் என்று முடிவெடுத்தவள் நான். முகம் இருந்தால்தானே மகன் அறிவான் என்று நினைத்தேன். கஃபேயில் இருந்து, கணினியில் வெள்ளைத் தூரிகையை எடுத்து, எழுத்து எழுத்தாக அழித்தேன். பலகையின் மரக்கீறல்கள் வருமாறு சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகளும் இழுத்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. பிறகு சேவ் என்பதை அழுத்தினேன். வேறொரு பெயரில் சேமிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கமராவில் இருந்ததையும் அழித்துவிட்டு முதலாளியிடம் கொடுத்தேன்.

படத்தின் கீழே, "ஜெட்டியில் ஒரு காத்திருப்பு" என்று மட்டும் எழுதிக் களத்தில் போட்டேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கனடாவில் இருந்து ஒருவர், "ஐயா ஆரைப் பாக்கிறார்? பலகையில ஒண்டையும் காணேல்லையே" என்று கேட்டார். நான் பதில் எழுதவில்லை. எழுத ஏலாது. அந்தக் கேள்விக்குப் பதிலாக லண்டனில் இருந்து இன்னொருவர் படத்தையே எடுத்து, பலகையில் "கரண்ட்" என்று எழுதித் திருப்பிப் போட்டார்.

நான் சிரித்தேன். கஃபேயில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னவென்று எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தேன்.

அடுத்தது "சம்பளம்". அதற்கு அடுத்தது "மழை". நாலாவதை எழுதியது நான். "பல்கலைக்கழக அனுமதி". என்னுடையதற்குத்தான் அந்தக் கிழமை அதிகம் பேர் கைதட்டினார்கள்.

இப்போது இதற்கெல்லாம் மீம் என்று பெயர் வந்துவிட்டது. அப்போது எங்களிடம் சொல் இருக்கவில்லை. "பலகை போடுறது" என்றுதான் சொன்னோம். "ஆராவது பலகை போட்டவையோ?" என்று கேட்டுக்கொண்டுதான் களத்துக்குள் வருவார்கள். எவரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் விதி தெரிந்திருந்தது. வராத ஒன்றைத்தான் எழுத வேண்டும். வந்துவிடக்கூடியதை எழுதினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

ஏன் அந்தப் படம் பிடித்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வெறுமையான பலகை ஒரு காரணம். மற்றது அந்த முகம். சிரிப்பு வரப்போகிறதா அழுகை வரப்போகிறதா என்று சொல்ல ஏலாத முகம். லோஞ்சில் இருந்து கடைசி ஆள் இறங்குவதற்குச் சற்று முந்தி எடுத்தது. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து எடுத்திருந்தால் அதில் ஒருவரும் ஒன்றும் எழுதியிருக்கமாட்டார்கள்.

"அக்கா, படத்தைப் பெரிசாப் போடுங்கோ, எழுத்து வடிவா விழுதில்லை" என்று ஒரு பெடியன் கேட்டான். போட்டேன். ஓரங்களை வெட்டி, என் நிழலையும் வெட்டி எறிந்து, துப்புரவாக்கி, முதல் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிதாகப் போட்டேன். அதற்குப் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. வேறு ஊர்களின் களங்களுக்குப் போனது. தமிழ்நாட்டுக்காரர்களின் களத்தில் யாரோ "தண்ணி லாரி" என்று எழுதினார்கள். பிறகு ஜெட்டியை வெட்டிவிட்டார்கள். மாமா பஸ் ஸ்ராண்டில் நின்றார். பனி கொட்டுகிற தெருவில் நின்றார். சந்திரனில் நின்றார். அந்த மனிதர் கேரளத்துக் கிழவர் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கடைசியில், எனக்கே ஒரு மின்னஞ்சல் வந்தது, கொழும்பில் இருந்த சிநேகிதி அனுப்பியது. "இந்தக் கிழவனைப் பாத்தா உங்கட தீவார் மாதிரி இருக்கடி."

சிலதை அச்செடுத்து மாமாவிடம் கொண்டுபோனேன். கோபிப்பார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, சாய்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன எழுதியிருக்கு?"

"மனிசியின் சிரிப்பு எண்டு."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "ஆரோ அனுபவப்பட்டவன்." பிறகு கேட்டார், "இதுகளைக் கனபேர் பாத்திருப்பினமோ?"

"உலகம் முழுக்க மாமா."

"அப்ப அவனும் பாத்திருப்பான்."

நான் ஓம் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு கெதியாக அவனிடம் போய்ச் சேரும் என்ற கணக்கு இரண்டு பேருக்கும் சரியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் லோஞ்சால் இறங்க, "இப்ப எந்த நாட்டில நிக்கிறன்?" என்று கேட்பார். நானும் நாடுகளின் பெயரைச் சொல்வேன்.

அடுத்த வருடம் தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு ஃபோன் அடித்தது. தெரியாத ஆம்பிளைக் குரல். என்னைத்தான் கேட்டது.

"நீரோ அந்தப் படத்தைப் போட்டது?"

ஆரென்று சொல்லவில்லை. மூச்சிலேயே தெரிந்தது. மாமாவும் கதைக்கத் தொடங்குவதற்கு முன் அப்படித்தான் ஒரு மூச்சு விடுவார்.

"ஓம். உங்கட அப்பா சொல்லித்தான் போட்டனான். நில்லுங்கோ, கூப்பிடுறன், கிணத்தடியிலதான் நிக்கிறார்."

"வேண்டாம்."

நான் நின்றேன்.

"நான் வேலை செய்யிற ரெஸ்ரோறன்ற் குசினியில எல்லாம் எங்கட பெடியள். ஒருத்தன் கொண்டுவந்து காட்டினவன். ஒவ்வொண்டா வாசிச்சுச் சிரிச்சவங்கள். நானும் சிரிச்சனான். சிரிக்காட்டி ஏனெண்டு கேப்பாங்கள். ஒருத்தன் கேட்டவன், இந்தக் கிழவனைத் தெரியுமோடா, உங்கட பக்கமாம் எண்டு. தெரியாது எண்டனான்."

"அண்ணை, நீங்கள் ஏன் வரேல்லை?"

"கார்ட் கிடைக்கேல்லை. கேஸ் மறுத்து, திரும்ப அப்பீல் போட்டிருக்கு. அவர் கேக்கேக்க சந்தோசமா இருந்தது, கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு, "படத்தை அங்கயிருந்து எடுத்துவிடும், தங்கச்சி. அப்பாவின்ர முகம் ஊரெல்லாம் திரியுது. ஆராவது பெட்டிசன் போட்டா நான் முடிஞ்சன்."

எடுக்கிறேன் என்றேன். "அப்பாவோட ஒரு சொல்லுக் கதையுங்கோ" என்றும் சொன்னேன்.

"கதைச்சா வரச்சொல்லிக் கேப்பார்," என்றான். வைத்துவிட்டான்.

ஃபோனைப் பிடித்தபடியே ஜன்னலால் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா வாளியைக் கவிழ்த்து வைத்து, அதில் இருந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

போய், மகன் ஃபோனில் கதைத்தவர் என்று சொன்னேன். ஈரக்காலோடு எழும்பினார்.

"லைன்ல நிக்கிறானோ?"

"இல்லை மாமா, அறுந்துபோச்சு. படத்தைப் பாத்தவராம்."

"பாத்தவனோ? என்ன சொன்னவன்?"

"வடிவான படம் எண்டவர்."

அவருக்கு அது போதும்போல இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க ஏலாதது. தன்னுடைய பெயரோடு, இல்லை, மகனுடைய பெயரோடு, அந்தப் படத்தில் ஒன்று பெரிதாக எடுத்துத் தரும்படி கேட்டார். சுவரில் கொழுவத்தான், வெளியில் ஒருவருக்கும் காட்டமாட்டாராம். திங்கட்கிழமை ரவுணுக்குப் போய்க் கணினி முழுக்கத் தேடினேன். வெள்ளைப் பலகைதான் இருந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பலகைதான். பெயர் இருந்த படம் உலகத்தில் எந்த மூலையிலும் இல்லை.

களத்தில் இருந்து படத்தை எடுக்கச் சொல்லி நடத்துகிறவர்களுக்கு எழுதினேன், எடுத்தார்கள். அதனால் என்ன. அடுத்த நாளே நாலு பேர் தங்களிடம் இருந்ததைத் திருப்பிப் போட்டு, "ஐயாவைக் காணேல்லை" என்று ஒரு பலகையும் போட்டார்கள். இந்த மனிதர் உண்மையான மனிதர், இத்தோடு விடுங்கள் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். ஏன் என்று சொல்ல ஏலாது.

பெயர் இருந்த படம் இல்லை என்று சொன்னபோது மாமா கோபிக்கவில்லை. "பலகை இருக்குத்தானே" என்றார். அடுத்த முறை நான் வீட்டுக்கு வந்தபோது, அது அவருடைய கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்தது. வெள்ளைப் பின்பக்கம் வெளியில், பெயர் உள்ளுக்குள்.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மூடின பிறகு நான் கப்பலில் கொழும்புக்கு வந்தேன். படிப்பு, பிறகு வேலை. பலகைப் பகிடி மெல்ல மெல்லச் செத்துப்போனது. வேறு படங்கள் வந்தன. நானும் களங்களுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

2009இல் களத்துக்குத் திரும்பப் போனேன். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்து ஒரு சொல்லும் வராத மாதங்கள். எல்லோரும் எங்கேயாவது ஒரு திரைக்கு முன்னால் இருந்த மாதங்கள். ஒரு நாள் யாரோ மாமாவின் படத்தைத் தேடியெடுத்து, பலகையில் தன் அண்ணனின் பெயரையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் எழுதிப் போட்டிருந்தார். கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் இன்னொரு பெயர். பிறகு தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பம், எழுத்தைச் சின்னனாக்கிப் பலகைக்குள் அடக்கியிருந்தது. விதி மாறவில்லை. வராததைத்தான் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றையும் திறந்து, முகத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் வாசித்தேன்.

அதில் ஒன்றை இரண்டு தரம் வாசித்தேன்.

பலகையில் மாமாவின் மகனுடைய வீட்டுப் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். கீழே இடமோ விவரமோ இல்லை. போட்டவருக்குப் பெயர் இல்லை, அன்றைக்குத்தான் பதிந்திருந்தார். படத்தின் அடியில் என்னுடைய நிழல் இருந்தது, இரண்டு முழங்கையோடு. நான் வெட்டி எறிந்த நிழல். அது இருந்தது முதல் நாள் போட்ட படத்தில் மட்டும்தான். பகிடி வெளியில் பரவ முதலே அவன் அதைக் கண்டிருக்கிறான், கண்டு எடுத்து வைத்திருக்கிறான். இந்த ஐந்து வருடமும் வைத்திருந்திருக்கிறான்.

மாமாவின் முகம் இருந்த இடம் வெள்ளை. தூரிகையால் அழித்தது. நான் பெயரை அழித்தது போலவே, ஓரங்களில் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. சேர்ட்டின் மேல் பொத்தான் இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை, பிறகு கடல். பெயரும் முகமும் ஒரே படத்தில் இருக்க ஏலாது என்று அவனும் அறிந்திருந்தான்.

ஊருக்கு ஃபோன் எடுத்தேன். அம்மா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடந்து வர நேரம் எடுத்தது. குரல் மெலிந்திருந்தது.

"மாமா, உங்கட மகன் அந்தப் படத்தில தன்ர பெயரை எழுதிப் போட்டிருக்கிறார்."

அவர் அந்த மூச்சை விட்டார். "என்ர பலகையிலயோ?"

"ஓம். உங்கட பலகையிலதான்."

"என்ர முகம் வடிவா விழுந்திருக்கோ?"

திரையில் அந்த வெள்ளை இடம் இருந்தது. "ஓம் மாமா," என்றேன். "நல்ல வடிவா விழுந்திருக்கு."

அவர் அம்மாவிடம் ஒரு கிளாஸ் தண்ணி கேட்பது கேட்டது.

"பிள்ளை, அவனுக்கு எழுதிவிட ஏலுமோ?"

"ஏலும் மாமா. என்னெண்டு எழுத?"

"லோஞ்சு நேரம் முந்தி மாதிரி இல்லை. கடைசி லோஞ்சு இப்ப வெள்ளனவே போயிடும். தெரியாமல் வந்து குறிகட்டுவானில நிக்கப்போறான். அதை எழுதிவிடும்."

படத்தின் கீழே அதை எழுதினேன். கடைசி லோஞ்சு எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டு, சரி பார்த்து எழுதினேன்.